தக்கவைத்தலின் விலை

ராபர்ட் கூவர் 1968இல் எழுதிய நாவலொன்றின் தலைப்பு சற்றே நீளமானது: 'தி யூனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன், இன்க்., ஜே. ஹென்றி வா, ப்ராப்.' கடைசியில் வரும் 'ப்ராப்.' நம்மூர்க் கடைப் பலகைகளில் காணக்கிடைக்கும் அதே சொல்தான். உரிமையாளர் என்று பொருள். கணக்கர் வேலை பார்க்கும் ஹென்றி, தன் வீட்டுச் சமையலறை மேசையில் மூன்று பகடைகளை உருட்டி, ஒரு முழு பேஸ்பால் லீக்கைத் தனியொருவராக நடத்துகிறார். அணிகள், வீரர்கள், அவர்களுடைய வம்சாவளி, சங்கத் தேர்தல்கள், மரணங்கள் என அனைத்தும் அவருடைய பேரேடுகளில் பதிவாகின்றன. அவர் வாழ்வது அந்தப் பேரேடுகளுக்குள்தான். அலுவலகத்துக்குப் போய்வருவது ஒரு சடங்கு மட்டுமே.

ஹென்றி தன் வீரர்களைத் தானே படைத்துக்கொண்டார். அமெரிக்காவில் இன்று பல லட்சம் பேர் ஆடும் 'ஃபேன்டசி ஃபுட்பால்' என்னும் கற்பனைக் கால்பந்தில் வீரர்கள் மெய்யானவர்கள். அணிகள் மட்டுமே கற்பனை. (கால்பந்து என்று இங்கு நாம் குறிப்பது உலகெங்கும் உதைத்தாடும் பந்தையன்று, முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தை.) பத்து அல்லது பன்னிரண்டு நண்பர்கள் கூடி, என்எஃப்எல் என்னும் தேசியக் கால்பந்து லீக்கின் வீரர்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒரு வீரர் பந்தோடு 10 கெஜம் முன்னேறினால் அவரை வைத்திருப்பவருக்கு ஒரு புள்ளி. டச்டவுன் அடித்தால் 6 புள்ளிகள். வாரந்தோறும் இருவர் இருவராக மோதி, ஆண்டின் முடிவில் ஒருவர் கோப்பையை எடுத்துச் செல்கிறார்.

இந்த ஆட்டத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. அவற்றுள் நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது ஒன்றைத்தான்: வீரர்களை ஏலத்தில் எடுத்து, அவர்களில் சிலரை அடுத்த ஆண்டுக்கும் தக்கவைத்துக்கொள்ளும் லீக். இதைக் 'கீப்பர் லீக்' என்பார்கள். பொழுதுபோகாதவர்களின் வேலை என்று ஒதுக்கிவிடத்தக்கதாகவே இது வெளிப்பார்வைக்குத் தோன்றும். உள்ளே சென்று பார்த்தால், பன்னிரண்டு பேர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட ஒரு சிறிய அரசியல் சாசனம் அங்கே நடந்துகொண்டிருப்பதைக் காணலாம். அத்தகைய லீக் பத்தாண்டு நிலைப்பதும் இரண்டாம் ஆண்டிலேயே உடைவதும், நடத்துபவர் தம் கையை எவ்வளவு தூரம் கட்டிக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகின்றன என்பது நம் கருத்து.

முதலில் சிறிது வரலாறு. 1962இன் இலையுதிர்காலத்தில், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், அணியின் செய்தித் தொடர்பாளர் பில் டனலுடனும் 'ஓக்லண்ட் டிரிபியூன்' நாளிதழின் நிருபர் ஸ்காட்டி ஸ்டர்லிங்குடனும் நியூயார்க் ஹோட்டலொன்றில் அமர்ந்து இந்த ஆட்டத்தின் விதிகளை வகுத்தார். மறு ஆண்டு, 1963 ஆகஸ்டில், எட்டு அணிகளுடன் அவர்கள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே முறை வைத்துத் தேர்வு நடந்தது, ஏலம் இல்லை.

ஏலம் வேறொரு வழியில் வந்து சேர்ந்தது. 1980இல் டேனியல் ஓக்ரெண்ட் என்னும் எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் பேஸ்பாலுக்கென ஒரு லீக் தொடங்கினார்கள். அவர்கள் கூடிப் பேசிய நியூயார்க் உணவகத்தின் பெயரால் அது 'ரோட்டிசெரி' லீக் ஆயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரே தொகை. அந்தத் தொகைக்குள் வீரர்களை ஏலம் கேட்டு எடுக்க வேண்டும். கூடியவர்களில் பதிப்புத்துறையையும் பத்திரிகைத்துறையையும் சேர்ந்தவர்கள் மிகுதி என்பதை இலக்கிய வாசகர்கள் கவனிக்கலாம். ஓக்ரெண்டே 2003இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் முதல் 'பப்ளிக் எடிட்டர்' ஆனவர். வாசகர் தரப்பில் நின்று தம் பத்திரிகையையே விசாரிக்கும் பதவி அது. நடுவர் மனம் என்று ஒன்று உண்டுபோலும்.

முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதற்கும் ஏலத்துக்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானதன்று. முறைத் தேர்வில் சீட்டுக் குலுக்கி வரிசை அமைப்பார்கள். பன்னிரண்டு பேர் என்றால், முதலில் நிற்பவர் முதல் வீரரை எடுத்தபின் 24ஆம், 25ஆம் வீரர்களைத்தான் எடுக்க முடியும். பன்னிரண்டாவதாக நிற்பவருக்கு 12ஆம், 13ஆம் வீரர்கள். பாம்பு வளைந்து வளைந்து செல்வதுபோல் வரிசை திரும்புவதால் இதற்குப் பாம்பு முறை என்றே பெயர். நியாயமானதுதான். ஆனால் முதலிடம் கிடைக்காத பதினொரு பேருக்கு அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் கிடைக்க வழியே இல்லை. குலுக்கல் அதைத் தீர்மானித்துவிட்டது.

ஏலத்தில் எல்லா வீரரும் எல்லாருக்கும் திறந்திருக்கிறார். வழக்கமாக ஒவ்வொருவருக்கும் 200 டாலர். பெரும்பாலும் கணக்குக்காக வைத்துக்கொண்ட கற்பனைப் பணம். 16 வீரர்களை எடுத்தாக வேண்டும். எவர் விலையும் ஒரு டாலருக்குக் குறையாது. ஆகவே முதல் வீரருக்கு ஒருவர் கேட்கக்கூடிய உச்ச விலை 185 டாலர். எஞ்சிய 15 இடங்களுக்கு 15 டாலர் மிச்சமிருக்க வேண்டுமல்லவா? யார் வேண்டுமானாலும் யாரையும் வாங்கலாம். ஆனால் வாங்கியதன் பாரத்தை அவரேதான் சுமக்க வேண்டும். தலைசிறந்த ஓட்டக்காரர் ஒருவருக்கு 70 டாலரை இறைத்தவர், ஏலத்தின் பின்பாதியில் ஒரு டாலர் வீரர்களுக்காகக் காத்துக்கிடப்பார். கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ள ஏலத்தில் இடமில்லை. கொடுக்க மனமில்லை என்றுதான் சொல்ல முடியும். குறையைக் குலுக்கலின் மீது சுமத்தும் வாய்ப்பைப் பறித்துக்கொள்வதே ஏலத்தின் அறம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னது ஓராண்டுக் கதை. ஆண்டு முடிந்ததும் பலகையை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினால் சிக்கல் எதுவும் இல்லை. தக்கவைப்பு நுழையும்போதுதான் ஆட்டத்துக்குக் கடந்தகாலம் உண்டாகிறது.

ஒரு மெய்யான எடுத்துக்காட்டு. 2023இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி, என்எஃப்எல் தேர்வின் ஐந்தாம் சுற்றில், 177ஆம் ஆளாகப் புகா நகூவா என்னும் இளைஞரைச் சேர்த்தது. கற்பனை லீகுகளில் அவரைப் பொருட்படுத்தியவர்கள் அரிது. அந்த ஆண்டு அவர் 105 பந்துகளைப் பிடித்து 1,486 கெஜம் கடந்தார். இரண்டுமே அப்போது புதுமுக வீரர்களுக்கான சாதனைகள். முதல் வாரம் முடிந்ததும் ஒரு டாலருக்கு அவரைச் சேர்த்துக்கொண்டவரை எண்ணிப் பாருங்கள். தக்கவைத்தால் ஆண்டுக்கு 5 டாலர் கூடும் என்பது விதியானால், 2024இல் அவர் 6 டாலருக்குக் கிடைப்பார். மறுபக்கம், 2023இல் என்எஃப்எல்லிலேயே அதிக கெஜம் ஓடிய கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. 2024 தொடக்கத்தில் அவரைப் பெரும் விலை கொடுத்து எடுத்தவர்களும் தக்கவைத்தவர்களும் எத்தனையோ பேர். காயங்களால் அந்த ஆண்டு அவர் ஆடியது 4 ஆட்டங்கள்.

ஓராண்டு லீக்கில் இவ்விரண்டும் அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் என்று முடிந்துவிடும். தக்கவைப்பு லீக்கில் நகூவாவின் 6 டாலர் ஒரு சொத்து. அது வைத்திருப்பவரை மட்டுமன்றி, மற்ற பதினொருவரையும் பாதிக்கிறது. எப்படி என்பதைச் சிறு கணக்கால் காட்டலாம். பன்னிரண்டு பேர், ஆளுக்கு 200 என்றால் மொத்தப் பணம் 2,400 டாலர். எல்லா வீரரும் ஏலத்துக்கு வந்தால் அவர்களின் மொத்த மதிப்பும் அதே 2,400தான், வேறு பணமில்லையே. இப்போது ஆளுக்கு இருவராக 24 பேரைத் தக்கவைக்கிறார்கள் என்க. அவர்களுக்குக் கழிக்கும் பணம் 400 டாலர். திறந்த ஏலத்தில் அவர்களின் மதிப்போ 880 டாலர். மீதமிருக்கும் பணம் 2,000. மீதமிருக்கும் வீரர்களின் மதிப்பு 1,520. ஆகவே ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு வீரருக்கும் விலை ஏறத்தாழ 32 விழுக்காடு வீங்கும். 50 டாலர் பெறுமானமுள்ளவரை 66 டாலருக்குத்தான் எடுக்க முடியும். பிறருடைய பழைய நற்பேற்றுக்கு இன்று வரி கட்டுவது, தக்கவைக்க எவரும் இல்லாமல் ஏலத்துக்கு வருபவர்தான்.

இங்கேதான் நடத்துபவரின் வேலை தொடங்குகிறது. நடத்துபவரைக் கமிஷனர் என்று அழைப்பார்கள். எத்தனை பேரைத் தக்கவைக்கலாம், எத்தனை ஆண்டு, விலை எவ்வளவு கூட வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு அவர் எழுதும் விடைதான் லீக்கின் குணம். கட்டுப்பாடே இல்லாமல் விட்டால், முதலாண்டில் கொழித்தவர்கள் பரம்பரைச் செல்வந்தர்களாகிவிடுவார்கள். புதிதாக வந்து சேர்பவர் குத்தகைக்காரராக நிற்பார். கட்டுப்பாடு மிகுந்தால் தக்கவைப்பு பெயரளவுக்கு ஆகிவிடும்; தொலைநோக்கோடு ஓர் இளைஞரைக் கண்டெடுத்தவருக்குப் பயனேதுமில்லை.

ஆண்டுதோறும் ஒரே 5 டாலர் கூட்டும் வழக்கத்தைவிட, படிப்படியாக உயரும் விலையே நல்லது என்பது நம் நிலைப்பாடு. முதல் தக்கவைப்புக்கு 5, இரண்டாவதுக்கு 10, மூன்றாவதுக்கு 15 என்று கூட்டுங்கள். ஒரு டாலருக்கு எடுத்த வீரர் 6, 16, 31 என்று ஏறுவார். அதன்பின் கட்டாயமாக ஏலத்துக்குத் திரும்ப வேண்டும். கண்டெடுத்தவருக்கு மூன்றாண்டுப் பலன் உண்டு. ஆனால் பலன் ஆண்டுக்காண்டு மெலிந்துகொண்டே வரும். உழைப்புக்குக் கூலி தந்து, பட்டாவை மட்டும் தர மறுக்கும் ஏற்பாடு இது. தக்கவைப்போர் பட்டியலை ஏலத்துக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாருக்கும் அறிவித்துவிடுவதும் அவசியம். மேலே சொன்ன வீக்கக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒவ்வொருவருக்கும் அவகாசம் வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் முற்றிலும் புதிதன்று. 2008 பிப்ரவரியில் நடந்த முதல் ஐபிஎல் ஏலத்தில் சென்னை அணி 15 லட்சம் டாலருக்குத் தோனியை எடுத்ததிலிருந்து நாமும் ஏலத்தையும் தக்கவைப்பையும் பேசிப் பழகியவர்கள்தாம். ஐந்தாண்டு பன்னாட்டு ஆட்டம் ஆடாத இந்திய வீரரைப் பன்னாட்டு அனுபவமில்லாதவராகக் கருதலாம் என்ற பழைய விதி 2021இல் நீக்கப்பட்டு, 2025 பருவத்துக்காக மீண்டும் கொண்டுவரப்பட்டது. அதன்படி தோனியைச் சென்னை அணி 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்துக்கொண்டது. விதி அவருக்காகவே திரும்பி வந்ததோ என்ற பேச்சு அப்போது பரவலாக எழுந்தது. அந்தப் பேச்சு சரியா தவறா என்பதற்குள் நாம் போகவில்லை. நமக்கு வேண்டிய பாடம் வேறு: பட்டியல் கேட்கும் நேரத்தில் விதி மாறினால், எவ்வளவு நல்ல விதியானாலும் அதற்கு ஒரு முகம் வந்துவிடுகிறது. ஆகவே தக்கவைப்பு லீக்கில் எந்தத் திருத்தமும் இந்த ஆண்டு நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வரவேண்டும். விலையைத் தொடும் திருத்தமென்றால் ஓராண்டு விட்டு அதற்கடுத்த ஆண்டு. திருத்தத்தால் யாருக்கு ஆதாயம் என்று எவரும் ஊகிக்க முடியாத தூரத்துக்கு அதைத் தள்ளிவைப்பதே நடுநிலை.

அடுத்த சிக்கல் பண்டமாற்று. பருவத்தின் நடுவில், தோற்றுப் பின்தங்கிய ஒருவர், தம்மிடமுள்ள 60 டாலர் நட்சத்திரத்தை முதலிடத்தில் நிற்பவருக்குக் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள மலிவான இளைஞர் இருவரை அடுத்த ஆண்டுக்கென வாங்கிக்கொள்கிறார். இருவருக்கும் லாபம். இரண்டாமிடத்தில் நிற்பவருக்கு மட்டும் வயிறெரிகிறது. 'அநியாயம், ரத்து செய்யுங்கள்' என்று அவர் கமிஷனரிடம் முறையிடுவார். பல லீகுகளில் இதை வாக்கெடுப்புக்கு விடும் வழக்கம் உண்டு. நாம் அதை ஏற்பதற்கில்லை. வாக்களிப்பவர்கள் அனைவரும் போட்டியாளர்கள். அடுத்தவர் வலுப்பெறுவதைத் தடுப்பதே அவர்களின் நலன். தம் வழக்குக்குத் தாமே நீதிபதியாவதை வாக்குப்பெட்டி மறைத்துவைக்கிறது, அவ்வளவே.

இருவர் கூடிப் பேசி ஏமாற்றினார்கள் என்பதற்குச் சான்றிருந்தால் ரத்து செய்யலாம், இல்லையேல் தொடக்கூடாது. ஒருவர் முட்டாள்தனமாக ஒரு மாற்றைச் செய்துகொள்ளும் உரிமை ஆட்டத்தின் அடிப்படை உரிமை. பின்தங்கியவர்கள் நட்சத்திரங்களை வாரி இறைப்பது லீக்கைக் கெடுக்கிறது என்று தோன்றினால், அதற்கு மருந்து பொதுவிதியில் இருக்கிறது: மாற்றுக்கான கடைசி நாளை முன்னே கொண்டுவருதல், கடைசி இடத்தைப் பெறுபவரின் அடுத்த ஆண்டுத் தொகையில் 5 டாலர் குறைத்தல் போன்றவை. கெட்ட மாற்றைத் தண்டிப்பது எளிது. கெட்ட மாற்றுக்குத் தூண்டும் விதியைத் திருத்துவது கடினம். கமிஷனர் கடினமானதைத்தான் செய்ய வேண்டும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கமிஷனரும் ஓர் ஆட்டக்காரர். தாமும் ஏலம் கேட்டுக்கொண்டே, சுத்தியலையும் தம் கையில் வைத்திருக்கிறார். எனவே ஏலம் கூறுபவராக லீக்கில் சேராத ஒருவரை அழைத்துக்கொள்வது நல்லது. கமிஷனரின் அணி சம்பந்தப்பட்ட தகராறுகளை மற்றவர்களில் மூவர் தீர்க்கட்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு விலையும், ஒவ்வொரு தக்கவைப்பும், கட்டணமாக வந்த ஒவ்வொரு டாலரும் எல்லாரும் பார்க்கும் ஏட்டில் இருக்க வேண்டும். கணக்கு மறைவாயிருக்கும் இடத்தில் நல்லவர் மீதும் ஐயம் படியும்.

ஏலச்சீட்டு கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் கூடுகிறார்கள், மாதாமாதம் ஏலம் கேட்கிறார்கள், முதல் மாதத்திலேயே சீட்டை எடுத்தவர் கடைசி மாதம் வரை தவணை கட்டுவார் என்ற நம்பிக்கையில்தான் முழுச் சீட்டும் நிற்கிறது. தக்கவைப்பு லீக்கும் அப்படியே. இந்த ஆண்டு கோப்பைக்காக எதிர்காலத்தை விற்றவர், அடுத்த ஆண்டு வெறுங்கையோடு வந்து உட்கார வேண்டும். வராமல் நின்றுவிட்டால் லீக் உடைந்தது. ஆகவே எதிர்கால ஏலத்தொகையை மாற்றுப்பொருளாகக் கொடுப்பவரிடம் அடுத்த ஆண்டுக் கட்டணத்தை இப்போதே வாங்கிவிட வேண்டும் என்ற விதி, மனித சுபாவத்தை நன்கறிந்தவர் எவரோ எழுதியது. நாளொன்றுக்கு ஓர் அணி கட்டி, பணம் வைத்து, இரவுக்குள் கணக்கு முடிக்கும் ஆட்டங்கள் வேறு வகை. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் இணையவழிப் பண ஆட்டங்களைத் தடைசெய்துவிட்டது. அவற்றில் எதிரே இருப்பவர் யாரென்றே தெரியாது. தக்கவைப்பு லீக்கில் எதிரே இருப்பவர் நம்மைப் பத்தாண்டுகளாக அறிந்தவர். நாம் செய்ததை நினைவில் வைத்திருப்பவர்.

எழுதப்பட்ட விதியைப் பற்றி இவ்வளவு பேசினோம். எழுதப்படாத இடம் ஒன்று வருமே, அப்போது என்ன செய்வது?

2023 ஜனவரி 2, திங்கள் இரவு. சின்சினாட்டியில் பெங்கால்ஸ் அணியும் பஃபலோ பில்ஸ் அணியும் ஆடிக்கொண்டிருந்தன. பெரும்பாலான கற்பனை லீகுகளுக்கு அது இறுதிப்போட்டி வாரம்; ஜோ பர்ரோ, ஜமார் சேஸ், ஜோஷ் ஆலன், ஸ்டெஃபான் டிக்ஸ் என்று கற்பனை அணிகளின் பெரும் பெயர்கள் பல அந்த ஒரே ஆட்டத்தில் இருந்தன. முதல் கால்பகுதியில் எதிரணி வீரரைத் தடுத்து வீழ்த்திய பில்ஸ் வீரர் டாமர் ஹாம்லின், எழுந்து நின்று, மறுகணம் சரிந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டிருந்தது. மைதானத்திலேயே மார்பை அழுத்தி உயிரூட்டினார்கள். சக வீரர்கள் சுற்றி மண்டியிட்டு அழுதார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டது, பின்னர் அடியோடு ரத்தாயிற்று. ஹாம்லின் பிழைத்தார், அதே ஆண்டின் அடுத்த பருவத்தில் மீண்டும் களமிறங்கவும் செய்தார்.

அந்த இரவில் நாடெங்கும் எண்ணற்ற சிறு லீகுகளில் ஒரு கேள்வி தொங்கி நின்றது. இறுதிப்போட்டியில் யார் வென்றார்? அதுவரை கிடைத்த புள்ளிகளோடு முடித்துக்கொள்வதா, வீரர்களின் சராசரியைச் சேர்ப்பதா, அடுத்த வாரப் புள்ளிகளை எடுப்பதா, கோப்பையைப் பகிர்வதா? ஒரு மனிதர் உயிருக்குப் போராடும்போது இதைக் கேட்பதே அருவருப்பு என்று சிலர் நினைத்தார்கள். அதில் நியாயமுண்டு. ஆனாலும் கமிஷனராக இருப்பவர் என்றேனும் ஒருநாள் விடை சொல்லித்தானே ஆகவேண்டும்?

நாம் மீண்டும் கூவரிடம் போகவேண்டியிருக்கிறது. ஹென்றியின் லீக்கில் டேமன் ரூதர்ஃபோர்டு என்ற இளம் பந்துவீச்சாளர் உதயமாகிறார். பிழையே இல்லாத ஓர் ஆட்டத்தை வீசி முடிக்கிறார். ஹென்றி அவரை மகனைப்போல் நேசிக்கத் தொடங்குகிறார். அடுத்து பகடை உருள்கிறது. அரிதினும் அரிதான எண்கள் விழுகின்றன. ஹென்றியே எழுதிவைத்த அட்டவணை, எதிரணியின் ஜாக் கேசி வீசிய பந்து தலையில் பட்டு டேமன் இறந்தார் என்கிறது. ஹென்றி துயரில் நிலைகுலைகிறார். இறுதியில், கேசியைக் கொல்லும் எண்களைப் பகடையில் உருட்டாமல், தன் கையாலேயே திருப்பிவைக்கிறார். அந்தக் கணத்திலிருந்து லீக் நடக்கிறது. ஆனால் ஹென்றி மனிதராக மீளவில்லை. கடைசி அத்தியாயத்தில் அவர் இல்லவே இல்லை. நூறு பருவங்கள் கழித்து, அவர் படைத்த வீரர்களின் வழிவந்தோர் அந்த மரணங்களைச் சடங்காக நடித்துக்கொண்டு, இதற்கெல்லாம் பொருளுண்டா என்று தடுமாறுகிறார்கள்.

ஹென்றியின் கொடுந்துயர் நமக்குப் புரிகிறது. ஆனால் கமிஷனருக்கு அவர் எச்சரிக்கை. இரக்கத்தால் ஆனாலும், நேசத்தால் ஆனாலும், ஒருவர் தனியே பகடையைத் திருப்பக்கூடாது. விதி இருக்கும் இடத்தில், அது கசந்தாலும், அந்த ஆண்டு அதன்படியே நடக்க வேண்டும். விதி இல்லாத இடத்தில் கமிஷனருக்கு அதிகாரமும் இல்லை. பாதிக்கப்பட்ட இருவரையும் கேட்க வேண்டும், அவர்கள் ஒப்புவதே தீர்ப்பு. ஒப்பவில்லையென்றால் கோப்பையைப் பகிர்ந்துவிட்டு, ஆட்டம் ரத்தானால் என்ன என்பதை அடுத்த ஆண்டு ஏட்டில் எழுதிவிட வேண்டும். ஹாம்லின் விழுந்த இரவில் மைதானத்தில் இருந்தவர்களும் ஏறத்தாழ இதைத்தான் செய்தார்கள். இரு பயிற்சியாளர்களும் பேசிக்கொண்டார்கள். வீரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போனார்கள். அதற்குப் பின்னரே லீக் முடிவை அறிவித்தது.

அந்த இரவு இன்னொன்றையும் நினைவூட்டியது: ஏட்டில் இருப்பது எண், மைதானத்தில் இருப்பது உடல். இதை மறக்கும் வாய்ப்பு ஏல லீக்கில் மிகுதி. 2017 ஆகஸ்டில் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி, கற்பனைக் கால்பந்து நிகழ்ச்சியொன்றில் ஏலத்தையே நாடகம்போல் நடத்திக் காட்டியது. ஏலம் கூறுபவர் குரலெழுப்ப, பெரும்பாலும் வெள்ளையர்களான கூட்டம், ஓடெல் பெக்கம் ஜூனியர் என்ற கறுப்பின வீரரை விலை கேட்டது. மனிதரை மேடையேற்றி விற்ற நாட்டில் அந்தக் காட்சி எதை நினைவூட்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? கண்டனம் எழுந்தது, ஈஎஸ்பிஎன் மன்னிப்புக் கேட்டது. என்எஃப்எல் வீரர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனால் ஏல லீக்கையே கைவிட வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. பன்னிரண்டு பேர் மேசையில் கேட்பது ஒருவரின் ஆட்டப் புள்ளிகளைத் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் உரிமையைத்தான். அந்த வீரருக்கு அவர்களால் ஒரு துளிக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் சொல் பழக்கமாகி, பழக்கம் பார்வையாகிவிடும் என்பதை மொழியோடு வாழ்பவர்கள் அறிவோம். 'என் ஓட்டக்காரன் என்னைக் கவிழ்த்துவிட்டான்' என்று, முழங்கால் நரம்பு அறுந்து கிடப்பவரைப் பற்றிச் சொல்லும் நாக்கு, ஏதோ ஒன்றை இழந்துவிட்ட நாக்கு. 'உரிமையாளர்' என்ற சொல்லைத் தாம் விட்டுவிட்டதாக என்பிஏ கூடைப்பந்து லீக்கின் தலைவர் ஆடம் சில்வர் 2019இல் சொன்னார். நிஜ அணியை நிஜப் பணம் கொடுத்து வாங்கியவர்களே அந்தச் சொல்லுக்குக் கூசும்போது, கற்பனை டாலர் வைத்திருப்பவர்களுக்கு அது எதற்கு? 'மேலாளர்' என்பது போதும். விதியேட்டின் முதல் பக்கத்தில் இந்த ஒரு சொல்லை மாற்றுவது சிறிய வேலை. செய்யாமலிருக்கக் காரணம் இல்லை.

தொகுத்துச் சொல்வதானால், ஏலம் சமத்துவத்தைத் தருகிறது; தக்கவைப்பு நினைவைத் தருகிறது. இரண்டும் சேரும்போது, முன்பு செய்ததற்கு இன்று விலை கொடுக்கும் ஒரு சிறு சமூகம் பிறக்கிறது. நினைவு மட்டும் மிஞ்சினால் அது ஜமீன் ஆகிவிடும். சமத்துவம் மட்டும் மிஞ்சினால் ஆண்டுதோறும் அந்நியர்கள் கூடிக் கலையும் சந்தை ஆகிவிடும். இரண்டுக்கும் இடையே தராசைப் பிடித்திருப்பவர் கமிஷனர். அவருக்குச் சம்பளமில்லை, பெரும்பாலும் நன்றியும் இல்லை. விதியை முன்பே எழுதுவது, எழுதியபடி நடப்பது, எழுதாத இடத்தில் பிறரைக் கேட்பது, கணக்கைத் திறந்து வைப்பது ஆகிய நான்கே அவர் செய்யவேண்டியவை. பஞ்சாயத்து முதல் பாராளுமன்றம் வரை இந்த நான்கையும் ஒழுங்காகச் செய்யும் மனிதர்களைத் தேடிக்கொண்டே இருக்கிறோம். விளையாட்டிலாவது பன்னிரண்டு பேர் அதைப் பழகிப் பார்க்கிறார்கள் என்றால், அதை வெட்டிவேலை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.